மடக்குக்குள் டீபக்கர் எங்கெங்கே நிற்கிறது?

நிரல் எழுதக் கற்கத் தொடங்கியவர் உலாவியின் டீபக்கரை, அதாவது நிரலை இடையில் நிறுத்தி அடியடியாக ஓட்டிப் பார்க்கும் கருவியை, முதன்முறை திறக்கும்போது, பெரும்பாலும் ஒரு ஃபார் மடக்கின் தலைவரியில்தான் பிரேக்பாயிண்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய இடத்தின் குறி) வைக்கிறார். மடக்கு பத்துச் சுற்று ஓடும், ஆகவே டீபக்கரும் அந்த வரியில் பத்து முறை நிற்கும் என்பது அவருடைய கணக்கு. குரோமில் அது ஒரே முறை நிற்கிறது. தொடர்ந்து ஓடவிடும் எஃப்8 விசையை அழுத்தியதும் எல்லாச் சுற்றுகளும் கண்ணில் படாமலே முடிந்து, விடை கன்சோலில் வந்து விழுகிறது. டீபக்கரில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அவர் வைத்த பிரேக்பாயிண்ட் அவற்றுள் முதலாவதின்மேல் மட்டுமே உட்கார்ந்திருந்தது.

பேச்சில் லூப் என்று சொல்லும் மடக்கை டீபக்கர் எப்படி அடியடியாகக் கடக்கிறது, உலாவியை உருவாக்குபவர்கள் அதைச் சரிபார்ப்பது எப்படி என்ற இரண்டையும் இங்கே சேர்த்தே விளக்குகிறேன். இரண்டாவதைப் புரிந்துகொள்பவருக்கு முதலாவது தானாகவே தெளிந்துவிடும் என்பது என் அனுபவம். எடுத்துக்காட்டுகளில் ஜாவாஸ்கிரிப்டின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் ஃபார், லெட் போன்றவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மாறிகளுக்கும் ஃபங்ஷன் எனப்படும் செயற்கூறுகளுக்கும் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம், அந்த மொழி அவற்றை ஏற்றுக்கொள்ளும்.

ஃபங்ஷன் எண்ணு() {
  டீபக்கர்;
  ஃபார் (லெட் எண் = 0; எண் < 3; எண்++) {
    கன்சோல்.லாக்(எண்);
  }
}
எண்ணு();

இரண்டாவது வரியில் இருக்கும் டீபக்கர் என்ற கூற்று, ஜாவாஸ்கிரிப்டின் விதிநூலான எக்மாஸ்கிரிப்டின் 2009ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் முறைப்படி வரையறுக்கப்பட்டது. டெவலப்பர் கருவிகள் திறந்திருந்தால் நிரல் அந்த இடத்தில் நின்றுவிடும். மூடியிருந்தால் அந்தக் கூற்றுக்கு எந்த விளைவும் இல்லை. குரோமில் எஃப்12 அழுத்தி, சோர்சஸ் பலகத்தில் ஸ்னிப்பெட்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, மேலே உள்ள ஏழு வரிகளையும் எழுதிக் கண்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும், தனியாக ஒரு வலைப்பக்கம் செய்ய வேண்டியதில்லை.

நின்ற இடத்திலிருந்து, ஸ்டெப் ஓவர் எனப்படும் எஃப்10 விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தி வருவோம். முதல் அழுத்தலில் எண் = 0 என்ற தொடக்கத்தில் நிற்கிறது. இரண்டாவதில் அதே வரியில் சற்று வலப்புறம் நகர்ந்து, எண் < 3 என்ற நிபந்தனையில் நிற்கிறது. மூன்றாவதில் உள்ளே இறங்கி நான்காவது வரிக்கு வருகிறது. நான்காவது அழுத்தலில் மீண்டும் மேலே ஏறி எண்++ என்ற கூட்டலில் நிற்கிறது, ஐந்தாவதில் நிபந்தனைக்குத் திரும்புகிறது. இப்படியே மூன்று சுற்றுகள் முடிந்து, பதினோராவது அழுத்தலில் எண்ணின் மதிப்பு 3 ஆகிவிட்ட நிலையில் கடைசி முறையாக நிபந்தனையில் நிற்கிறது. அது பொய்யாகிவிடவே, பன்னிரண்டாவது அழுத்தல் ஆறாம் வரியில் செயற்கூறின் மூடும் அடைப்புக்குறிக்குக் கொண்டுசெல்கிறது.

எண்ணிப் பார்த்தால் தொடக்கம் 1, நிபந்தனை 4, உள்வேலை 3, கூட்டல் 3 என்று மடக்குக்கு மட்டும் 11 நிறுத்தங்கள். உள்ளே ஒரே ஒரு கூற்று இருக்கும் ஃபார் மடக்கு ந முறை சுழன்றால் 3ந + 2 நிறுத்தங்கள் என்று இதைப் பொதுமைப்படுத்தலாம். நிபந்தனை எப்போதும் சுற்றுகளைவிட ஒரு முறை கூடுதலாகச் சோதிக்கப்படுகிறது என்பதை வகுப்பில் எத்தனை முறை கேட்டிருந்தாலும், அந்தப் பதினோராவது நிறுத்தத்தைக் கண்ணால் பார்க்கும்போதுதான் அது மனத்தில் பதிகிறது. இதே வேலையை டூ-வைல் மடக்கில் எழுதினால் உள்வேலை முதலிலும் நிபந்தனை பின்னாலும் வருவதால், நிபந்தனை மூன்றே முறைதான் சோதிக்கப்படும், மொத்தம் 10 நிறுத்தங்கள் ஆகும்.

இங்கே தொடக்கநிலையினர் அடிக்கடி தடுமாறும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டெப் ஓவர் என்ற பெயரைக் கேட்டவுடன், மடக்கின் தலைவரியில் நின்று அதை அழுத்தினால் மடக்கு முழுவதையும் தாண்டிவிடலாம் என்று தோன்றும். அது தாண்டுவது அந்த இடத்தில் அழைக்கப்படும் செயற்கூறுகளின் உட்புறத்தை மட்டுமே. மடக்கின் ஒவ்வொரு பகுதியும் அதற்குத் தனி அடிதான். மடக்கைவிட்டு வெளியே வர, மடக்குக்குப் பிந்தைய வரியில் வலது சொடுக்குச் செய்து அதுவரை ஓடவிடும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஸ்டெப் அவுட் இதற்கு உதவாது. அது செயற்கூறு முழுவதையும் ஓட்டி முடித்து, அழைத்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

சரி, இந்த நிறுத்தங்களை முடிவு செய்வது யார்? தொடக்கம், நிபந்தனை, உள்வேலை, கூட்டல் என்ற வரிசையை எக்மாஸ்கிரிப்ட் விதிநூல் ஐயத்துக்கு இடமில்லாமல் வகுத்துவைத்திருக்கிறது. ஆனால் டீபக்கர் அவற்றுள் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. குரோமின் வி8, ஃபயர்ஃபாக்ஸின் ஸ்பைடர்மங்கி, சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் ஆகிய, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மூன்று எஞ்சின்களும் தத்தம் முடிவின்படியே நிற்கின்றன. ஆகவே உங்கள் உலாவியில் மேலே சொன்ன எண்ணிக்கை ஒன்றிரண்டு வேறுபட்டால், அதனாலேயே அந்த உலாவி தவறு செய்கிறது என்று பொருளாகாது. எழுதிய நிரலில் நிறுத்தங்கள் இயல்பாகவே இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்; அவை எஞ்சினை எழுதியவர்கள் பார்த்துப் பார்த்து நட்ட மைல்கற்கள்.

நடுவது எப்படி என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். எஞ்சின் நாம் எழுதிய வரிகளை நேரடியாக ஓட்டுவதில்லை. முதலில் அவற்றைப் பைட்கோடு என்ற சிறுசிறு கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது. எந்தக் கட்டளை மூலநிரலின் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற அட்டவணையும் அதனோடு சேர்ந்து உருவாகிறது. நாம் எஃப்10 அழுத்தியதும் வி8 அந்தச் செயற்கூறில் நிற்கத்தக்க எல்லா இடங்களிலும் ஒருமுறை மட்டும் செயல்படும் தற்காலிகத் தடைகளை வைத்துவிட்டு ஓடவிடுகிறது. ஏதேனும் ஒன்றில் மோதி நின்றவுடன், அது முன்பு நின்ற அதே கூற்றுதானா என்று பார்த்து, அதுவே என்றால் நமக்குச் சொல்லாமலேயே மேலும் ஓடுகிறது. கன்சோல்.லாக்(எண்) என்ற கூற்றுக்குள் நிற்கத்தக்க இடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தும் நாம் ஒரே முறைதான் நின்றோம் என்றால், அதற்குக் காரணம் இந்தச் சோதிப்பு.

மடக்கில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மூலநிரலில் எண்++ என்ற கூட்டல் உள்வேலைக்கு முன்னால், தலைவரியில் எழுதப்பட்டிருக்கிறது. பைட்கோட்டிலோ அது உள்வேலைக்குப் பின்னால்தான் வருகிறது, அதை ஒட்டி மடக்கின் தலைக்குத் திரும்பத் தாவும் கட்டளை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையும் ஓடும் வரிசையும் இப்படிப் பிரிவதால், அட்டவணையில் ஓர் இடம் தவறிவிட்டாலும் டீபக்கரின் சுட்டு வேறெங்கோ தாவும். உலாவிகளின் சோதனைத் தொகுப்புகளில் மடக்குகளுக்கென்றே தனிச் சோதனைகள் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சோதனையின் அமைப்பு எளியது. சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட்டின் சோதனைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் மடக்கு வகைக்கு ஒன்றாகச் சிறு செயற்கூறுகள் எழுதப்பட்டிருக்கும். சோதனை ஓட்டி அவற்றை ஒவ்வொன்றாக அழைக்கும்; டீபக்கர் நிற்கும் ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த அடிக்கான கட்டளையைத் தானே அனுப்பும்; செயற்கூறு முடிந்ததும் அந்தக் குறிப்புகள் முழுவதும் ஓர் உரையாக வெளிவரும். எதிர்பார்க்கப்படும் உரை முன்கூட்டியே ஒரு கோப்பில் சேமிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் சோதனை தேறியது, ஓர் இடம் மாறினாலும் தோற்றது.

வரி எண்ணை மட்டும் குறித்தால் போதாதா என்ற கேள்வி எழும். நம் எடுத்துக்காட்டின் நிறுத்தங்களை வரி எண்களாக மட்டும் எழுதினால் 3, 3, 4, 3, 3, 4, 3, 3, 4, 3, 3, 6 என்று வரும். இப்போது எஞ்சினில் ஒரு தவறு நேர்ந்து, ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் எண்++ என்ற இடத்தில் நிற்பதற்குப் பதிலாக எண் = 0 என்ற இடத்தில் நிற்பதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்துபவர் அதைப் பார்த்து, மடக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது என்றே எண்ணிவிடுவார். ஆனால் இரண்டும் மூன்றாம் வரியில்தான் இருக்கின்றன. வரி எண்களின் பட்டியலில் எந்த மாற்றமும் தெரியாது, சோதனையும் தேறிவிடும். எனவே அந்த வரியில் எத்தனையாவது எழுத்தில் நின்றது என்பதையும் சோதனை குறித்தே ஆக வேண்டும். சுருக்கப்பட்டு ஒரே வரியாகக் கிடக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளில் வரி எண் எல்லா இடத்துக்கும் 1 என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது, ஒரே இடத்தில் தேவையின்றி இருமுறை நிற்பது, வேறு இடத்தைக் காட்டுவது என்று பிழைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். இவற்றுள் இரண்டாவது சிறியதாகத் தோன்றினாலும் எரிச்சலூட்டக் கூடியது: விசையை அழுத்தினோமா இல்லையா என்ற ஐயத்தில் மீண்டும் அழுத்தி, பார்க்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவோம். அதனால்தான் முன்பு நின்ற கூற்றிலேயே மறுபடி நிற்கக்கூடாது என்ற விதியை எஞ்சின்கள் வைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த நல்ல விதியே மடக்கில் வேறொரு தொல்லையைக் கொண்டுவருகிறது.

வைல் (நகர்()) ; என்று உள்வேலையே இல்லாத ஒரு மடக்கை எண்ணிப் பாருங்கள். நகர் என்ற செயற்கூறு பொய் என்று விடை தரும்வரை அது திரும்பத் திரும்ப அழைக்கப்படும். இந்த மடக்கில் நிற்பதற்கு இருப்பது ஒரே இடம், அந்த நிபந்தனைதான். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு வந்தாலும் நிற்கும் இடம் மாறவில்லை. முன்பு நின்ற இடத்தில் நிற்கக்கூடாது என்ற விதியை எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தால், ஒரே எஃப்10 அழுத்தலில் ஆயிரம் சுற்றுகளும் ஓடிவிடும். மடக்கு முடிவில்லாததாக இருந்தால் அந்த அழுத்தல் திரும்பி வரவே வராது. விதியைத் தளர்த்தினாலோ, ஒரே கூற்றுக்குள் வீணாக இருமுறை நிற்கும் பழைய தொல்லை தலைகாட்டும். இடம் மாறியதா என்பதோடு, பின்னோக்கித் தாவி ஒரு புதிய சுற்று தொடங்கியதா என்பதையும் எஞ்சின் கணக்கில் எடுத்தால்தான் இரண்டும் தீரும். ஆகவே மடக்குச் சோதனை எழுதுபவர், யாரும் அன்றாடம் எழுதாத இத்தகைய வெறும் மடக்குகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒழுங்கான பத்து மடக்குகளைச் சோதிப்பதைவிட உள்வேலை இல்லாத மடக்கு ஒன்றைச் சோதிப்பது மேல்.

சுற்றின் மீதியை விட்டு அடுத்த சுற்றுக்குச் செல்லும் கன்டினியூ, மடக்கையே முடித்துவிடும் பிரேக் ஆகிய கூற்றுகளுக்கும் தனித்தனி எதிர்பார்ப்பு உண்டு. ஃபார் மடக்குக்குள் கன்டினியூ வந்தால் அடுத்த நிறுத்தம் கூட்டலில். வைல் மடக்குக்குள் வந்தால் நேராக நிபந்தனையில். வைல் மடக்கின் கடைசி வரியில் எண்ணைக் கூட்டிவிட்டு, நடுவில் கன்டினியூ போட்டவர்கள் மடக்கு முடியாமல் தவிப்பதன் காரணத்தை டீபக்கரில் இரண்டே அழுத்தலில் பார்த்துவிடலாம். பிரேக் வந்தால் கூட்டலிலும் நிற்கக்கூடாது, நிபந்தனையிலும் நிற்கக்கூடாது.

ஒரு தொகுப்பிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார்-ஆஃப் மடக்கில் நாம் எழுதிய கூட்டலோ நிபந்தனையோ கிடையாது. அடுத்த பொருளைக் கேட்டு வாங்கும் வேலையை எஞ்சினே செய்கிறது. பட்டியல் ஒன்றின்மேல் அது ஓடும்போது அந்த வேலைக்குள் இறங்கிப் பார்க்க நமக்கு எதுவும் இருக்காது. நாமே எழுதிய ஜெனரேட்டரின்மேல் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் செயற்கூறு) ஓடும்போது, உள்ளே இறங்கும் எஃப்11 விசையை அழுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஜெனரேட்டருக்குள் இறங்கலாம். ஃபார்-ஈச் பார்ப்பதற்கு மடக்கைப் போல இருந்தாலும் உண்மையில் அது ஒரு செயற்கூறு அழைப்பு; எஃப்10 அதை ஒரே அடியில் தாண்டிவிடும்.

இடத்தோடு மதிப்பையும் சோதிக்க வேண்டிய சூழல்கள் உண்டு. 2015ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் பதிப்பில் லெட் வந்தபோது, ஃபார் மடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறியின் புதிய படி ஒன்று உண்டாக்கப்பட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தே வந்தது. உள்வேலை முடிந்ததும் முதலில் படியெடுக்கப்படுகிறது, அதன் பிறகே புதிய படியில் கூட்டல் நடக்கிறது. மடக்குக்குள் உருவாக்கிச் சேர்த்துவைத்த மூன்று செயற்கூறுகளைப் பின்னால் அழைத்தால் 0, 1, 2 என்று வருவது இதனால்தான். பழைய வார் என்ற சொல்லால் மாறியை அறிவித்திருந்தால் மூன்றும் 3 என்றே சொல்லும். கூட்டலில் நிற்கும்போது, மாறிகளின் மதிப்பைக் காட்டும் ஸ்கோப் பகுதியில் தெரியும் எண், முந்தைய சுற்றின் செயற்கூறு பிடித்துவைத்திருக்கும் எண்ணிலிருந்து வேறுபட்ட ஒன்று என்பதை டீபக்கர் சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீண்ட நேரம் ஓடும் மடக்கு இன்னொரு தனி விஷயம். பலமுறை சுழலும் மடக்கை எஞ்சின் ஓட்டத்தின் நடுவிலேயே வேகமான இயந்திரக் குறியாக மாற்றிவிடுகிறது. அதற்குள் டீபக்கரால் நினைத்த இடத்தில் நிற்க இயலாது. நாம் பிரேக்பாயிண்ட் வைத்ததும் வி8 அந்த வேகக் குறியைக் கைவிட்டுப் பைட்கோட்டுக்குத் திரும்புகிறது. மூன்று சுற்று மட்டும் ஓடும் சோதனை இந்த நிலையை எட்டவே எட்டாது. எனவே பல்லாயிரம் சுற்று ஓடவிட்டு நடுவில் நிறுத்தும் சோதனையும் தேவைப்படுகிறது.

உலாவிக்குள் டீபக்கர் பரவலாக அறிமுகமானதே 2006ஆம் ஆண்டில் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக் வழியாகத்தான். அதே ஆண்டில் வெப்கிட் குழுவினர் உருவாக்கிய டீபக்கருக்கு டுரோசெரா என்று பூச்சி தின்னும் செடியின் பெயரை வைத்தார்கள். நிரலிலுள்ள பிழையையும் பூச்சி என்றே ஆங்கிலத்தில் அழைப்பதால் அந்தக் குறும்பு.

மடக்கின் ஐம்பதாவது சுற்றில் மட்டும் நிற்க வேண்டுமென்றால், உள்வரியில் நிபந்தனையுள்ள பிரேக்பாயிண்டை வைக்கலாம். அந்த நிபந்தனையை எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாகவே ஓட்டிப் பார்க்கிறது என்பதை மறந்து ஒரு மாலைப்பொழுதை நான் இழந்திருக்கிறேன். எண் == 50 என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறியோடு எண் = 50 என்று எழுதிவிட்டேன். அது ஒப்பிடுவதற்குப் பதிலாக மாறியில் 50ஐ வைத்துவிட்டது; 50 என்பது மெய்யாகக் கொள்ளப்படுவதால் ஒவ்வொரு சுற்றிலும் நின்றது; கூட்டல் அதை 51 ஆக்க, நிபந்தனை மீண்டும் 50க்கு இறக்க, நூறு சுற்றில் முடிய வேண்டிய மடக்கு முடியவே இல்லை. பிழையை நிரலில் தேடிக்கொண்டிருந்தேன். அதைத் தேடுவதற்காக நான் வைத்த கருவிதான் பிழையாக இருந்தது.

சோதனையைச் சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புபவர், முதலில் மேலேயுள்ள நிரலுக்கு ஒரு தாளில் நிறுத்தங்களின் பட்டியலை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு எஃப்10 அழுத்தி ஒவ்வொன்றாக டிக் போட்டு வரலாம். எண் < 3 என்பதை எண் < 0 என்று மாற்றினால் எத்தனை நிறுத்தங்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். தொடக்கம், நிபந்தனை, மூடும் அடைப்புக்குறி என மூன்றே அழுத்தல்களில் முடிந்துவிடும். இதைக் கையால் செய்து சலித்தவர்கள் உலாவியை வேறொரு நிரலால் இயக்க உதவும் குரோமின் டெவ்டூல்ஸ் புரோட்டோகால் வழியாகத் தானியக்கமாகவே செய்யலாம். டீபக்கர் நின்றதும் உலாவி ஒரு செய்தி அனுப்பும், அதில் நின்ற இடம் இருக்கும். பதிலுக்கு ஸ்டெப் ஓவர் கட்டளையை அனுப்பிக்கொண்டே இருந்தால் பட்டியல் தானாகச் சேரும். அப்படிச் சேர்ந்த பட்டியல் 2, 2, 3, 2, 2, 3 என்று தொடங்கி, தாளில் எழுதியதோடு ஒவ்வொரு இடத்திலும் ஒன்று குறைவாக வந்தால், உலாவியில் பிழை கண்டுபிடித்துவிட்டதாக உடனே யாருக்கும் எழுதிவிட வேண்டாம்: அந்தப் புரோட்டோகால் வரிகளை 0 முதல் எண்ணுகிறது, திரை 1 முதல் எண்ணுகிறது.